ஞாயிற்றுக்கிழமை பேசியவர்

7 மார்ச் 1993, ஞாயிறு
காலை 11.30

அப்பாவுக்கு,

இன்று மார்ச் ஏழு. காலை பத்து மணி பதினான்கு நிமிடத்துக்கு, என்னோடு போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் இருமினீர்கள். மூன்று தடவை.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். நீங்கள் இருமியபோது பேச்சு நிற்கவில்லை. அதுதான் விஷயம். "சாப்பாடெல்லாம் ஒழுங்கா கெடைக்குதாப்பா?" என்று உங்கள் குரல் கேட்கிறது. அதே நொடியில் பின்னால், கொஞ்சம் தள்ளி, உங்கள் இருமல். மனுஷனுக்குத் தொண்டை ஒன்றுதான். பேசிக்கொண்டே இரும முடியாது. நானும் குளியலறையில் நின்று முயற்சி செய்து பார்த்துவிட்டேன்.

பிரமை என்று சொல்லிவிடாதீர்கள். டேப்பில் இருக்கிறது. இயந்திரங்களின் பேரிங் சத்தத்தைப் பதிவு செய்ய எங்களுக்கு ஒரு மைக் கொடுத்திருக்கிறார்கள், ரப்பர் வைத்து எதிலும் ஒட்டிக்கொள்ளும். புதிதாக வந்ததைச் சோதிக்கலாம் என்று அறைக்குக் கொண்டுவந்து போன் ரிசீவரில் ஒட்டினேன். வேறு எண்ணம் எதுவும் இல்லை. இப்போது அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த இருமல் வேறு யாருடையதோ என்றும் சொல்ல வேண்டாம். ஓடுகிற இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டு, எது எப்போது உடையும் என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்பாவின் இருமல் தெரியாதா? முடியும்போது ஒரு சின்ன விசில் வரும். வானொலி நிலையத்தில் சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்னால், வராந்தாவில் நின்று மொத்த இருமலையும் இருமித் தீர்த்துவிட்டு உள்ளே போவீர்களே, அதைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

ரெண்டு மாமா வந்திருந்தார் என்றால் அவர் இருமல் வேறு. அது தகரத்தைத் தட்டுவது போல இருக்கும். வானொலியில் வருஷக்கணக்காக உங்களோடு நாடகத்தில் "குரல் 2", "கான்ஸ்டபிள் 2", "விருந்தாளி 2" என்றே நடித்து, பெயரே ரெண்டு ஆகிப்போன மனுஷனையும் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆக, இருமியது நீங்கள். பேசியது யார்?

வீட்டில் யார் இருக்கிறார்கள்? உங்களை யாராவது மிரட்டுகிறார்களா? நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, உங்கள் குரலில் இன்னொரு ஆள் என்னோடு பேசுவதற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும் என்று யோசித்துப் பார்த்தேன். எதுவும் நல்ல காரணமாக இல்லை.

சுற்றி வளைக்காமல் பதில் எழுதுங்கள்.

உங்கள் மகன்


12 மார்ச் 1993

என் இன்ஜினியர் துரைக்கு, அப்பாவின் அன்பு.

இங்கே எல்லாம் வழக்கம் போல. வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது, மழை என்றால் என்னவென்றே மறந்துபோய்விட்டது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. அந்த இரும்பு இரைச்சலில் காதில் பஞ்சு வைத்துக்கொள். காது நம் குடும்பச் சொத்து.

இன்று பழைய ஞாபகம் ஒன்று. நம் வியாழக்கிழமை நாடகம் உனக்குத் தெரியும். நான் டாக்டர், ஒன்பது வருஷம் டாக்டர். பஸ்ஸில் டிக்கெட் கேட்க வாயைத் திறந்தால் போதும், பின் சீட்டிலிருந்து ஒரு அம்மா, "டாக்டர், எனக்கு முழங்கால் வலி" என்பாள். நானும் சளைக்காமல், "உப்பைக் குறைங்கம்மா" என்பேன்.

அப்போதெல்லாம் ஒலிப்பதிவு கிடையாது. நேரடி ஒலிபரப்பு. ஒரே மைக், ஐந்து பேர். படித்து முடித்த தாளை ஓசையில்லாமல் கீழே விடுவதற்குத் தரையில் கம்பளி விரித்திருக்கும். எல்லாரும் வெறுங்காலோடு நிற்போம். "போய் வருகிறேன்" என்ற வசனம் என்றால் மைக்கைப் பார்த்தபடியே பின்னால் நடக்க வேண்டும். அப்படி நடந்து ஒருநாள் நான் நேராக ஒலிக்குறிப்புக்காரர் மடியிலேயே போய் உட்கார்ந்தேன். அவர் கையில் மழைச் சத்தத்துக்காக வைத்திருந்த பட்டாணி டப்பா. அந்தக் காட்சியில் வராத மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது.

நான் சொல்ல வந்தது வேறு. ஒரு வியாழக்கிழமை ஒரு நோயாளி சாக வேண்டும். நோயாளி யார்? நம் ரெண்டுதான். அன்றோடு அவனுக்கு வேஷம் முடிய வேண்டும். எனக்கு இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே திரும்பிவிட்டது. அவன் செத்த பிறகு பேச வேண்டியதை நான் முன்னாலேயே பேசிவிட்டேன். அவன் திருதிருவென்று விழித்து, தன் பங்குக்கு, "டாக்டர், தண்ணி" என்று முனகிவிட்டான். செத்தவன் தண்ணி கேட்டால் என்ன செய்வது? "பார்த்தீர்களா, நாடி திரும்பிவிட்டது!" என்றேன். அவ்வளவுதான். எழுத்தாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொள்கிறார். நேயர்கள் ஆனந்தக் கண்ணீரோடு கடிதம் போட்டுவிட்டார்கள், பிறகு எப்படிச் சாகடிப்பது? அந்த நோயாளி ஒரு வருஷம் படுக்கையிலேயே இருந்து சம்பளம் வாங்கினான்.

சிரித்தாயா? சிரி. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா


21 மார்ச் 1993, ஞாயிறு

அப்பாவுக்கு,

சிரிக்கவில்லை.

என் கடிதத்துக்கு இது பதில் இல்லை. நான் கேட்ட எதற்கும் இதில் ஒரு வார்த்தை கிடையாது. வெயில் மண்டையைப் பிளக்கிறது என்கிறீர்கள். ஆனால் பதினான்காம் தேதி போனில் உங்கள் குரல், "நாலு நாளா விடாத மழை, மாடிப்படியெல்லாம் தண்ணி" என்றது. கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கடிதம் நீல மை, மேலே தேதி கறுப்பு மை. எழுத்து உங்களுடையது. எப்போதோ எழுதி வைத்த கடிதம். தேதியை மட்டும் போட்டு யாரோ தபாலில் சேர்த்திருக்கிறார்கள்.

யார்?

பதினான்காம் தேதிப் பேச்சையும் எழுதிவிடுகிறேன். என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ.

"அப்பா, போன வாரம் யார் இருமினது?" என்று கேட்டேன்.

பின்னால் கிறீச் கிறீச்சென்று ஒரு சத்தம். பிறகு சிரிப்பு. உங்கள் சிரிப்பேதான். "மேல் வீட்டுக்காரர் வந்திருந்தாருப்பா, பேப்பர் வாங்க."

"அம்மா உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க? கோவமா இருக்கும்போது?"

மறுபடியும் கிறீச் கிறீச். பிறகு, "லவுட் ஸ்பீக்கர்னு கூப்பிடுவா. இப்ப எதுக்குடா அது?"

பதில் சரிதான். எனக்குத்தான் வியர்த்துவிட்டது. ஏனென்றால் அந்தச் சத்தம் என்ன என்று அப்போது புரிந்தது. பலகையில் சுண்ணாம்புக்கட்டி. பக்கத்தில் ஒருவர் எழுதுகிறார், பேசுகிறவர் அதைப் படிக்கிறார். அதாவது அன்றைக்கு நீங்கள் அங்கே இருந்தீர்கள்.

இன்றைக்கு? இன்றைக்குச் சுண்ணாம்புச் சத்தம் இல்லை. இருமல் இல்லை. எந்த இடைவெளியும் இல்லாமல் குரல் பேசியது. "நல்லா இருக்கேம்ப்பா. உடம்பப் பாத்துக்கோ. வேலையில கவனம் வெய்யி." எதைக் கேட்டாலும் அதையே. மூன்று நிமிடத்தில், "யாரோ கதவத் தட்றாங்க" என்று வைத்துவிட்டது. டேப்பைக் கேட்டேன். கதவை யாரும் தட்டவில்லை. குரலுக்குப் பின்னால் அறையில் ஒன்றுமே இல்லை. ஒரு நாற்காலி நகரும் சத்தம்கூட இல்லை.

உடனே நம் வீட்டுக்குக் கீழே இருக்கும் டைப்ரைட்டிங் பள்ளிக்குப் போன் போட்டேன். டீச்சரம்மாதான் எடுத்தார்.

"உங்கப்பாவுக்கு என்ன தம்பி? ஜம்முனு இருக்காரே! தினம் காலையில மாடியிலேர்ந்து குரல் கேக்குது. என்னமோ வசனம் பேசிப் பாக்கறாரு. அதையே பத்துத் தடவ, இருபது தடவ."

"என்ன வசனம்மா?"

"'நல்லா இருக்கேம்ப்பா, உடம்பப் பாத்துக்கோ'ன்னு. நாடகமா?"

"ஆளைப் பார்த்தீங்களா?"

அந்தம்மா யோசித்தார். "ஆளையா… பாத்து ஒரு மாசம் இருக்கும் தம்பி. ஆனா குரல் கேக்குதே!"

ரிசீவரை வைத்துவிட்டு உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். அடுத்த அறையில் இருக்கும் வெல்டர், "என்னய்யா, முகம் இப்படி வெளுத்துக் கிடக்கு?" என்றான். எங்கப்பா என்னிடம் பேசிவிட்டார், அதனால் பயமாக இருக்கிறது என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

நேராகக் கேட்கிறேன். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா?

உயிரோடு இருந்தால் உங்கள் கையால் பதில் எழுதுங்கள். அலமாரியில் இருக்கும் பழைய கடிதம் எதுவும் எனக்கு வேண்டாம். இந்தக் கடிதத்தின் கடைசி வார்த்தை எதுவோ, அதுதான் உங்கள் கடிதத்தின் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும். அது வரும்வரை அந்த எண்ணுக்குப் போன் செய்ய மாட்டேன். அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இங்கே இயந்திரங்களையெல்லாம் நிறுத்திப் பிரித்துப் போட்டிருக்கிறோம், ஏப்ரல் கடைசிவரை யாருக்கும் லீவு இல்லை. ஆனால் இரண்டு வாரத்தில் பதில் வரவில்லை என்றால், கிளம்பி வருவேன், போலீஸோடு.

வார்த்தை இதோ: பல்சக்கரம்.


27 மார்ச் 1993

பல்சக்கரம்.

போதுமா, துரை? உயிரோடுதான் இருக்கிறேன். இது இன்றைக்கு எழுதுகிற கடிதம். மையைப் பார்த்துக்கொள், மேலிருந்து கீழ்வரை கறுப்பு.

உன் கடிதத்தை ரெண்டு என் முன்னால் வாய்விட்டுப் படித்தான். "நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா" என்ற இடத்தில் அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது. சாகிற காட்சியில்கூட அவன் அப்படி நடித்ததில்லை.

போனில் பேசியது அவன்தான். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், நிலையத்தில் இருந்தவர்களையும் உன் அம்மாவையும் தவிர யாருக்கும் தெரியாது. நாடகத்தின் நான்காவது வருஷம் எனக்கு டைபாய்டு வந்து மூன்று வாரம் படுத்துவிட்டேன். அந்த மூன்று வியாழக்கிழமையும் டாக்டராகப் பேசியவன் ரெண்டு. ஊரில் ஒரு ஆள் கண்டுபிடிக்கவில்லை. நான் ஜுரத்தோடு கட்டிலில் கிடந்து, வானொலியில் நான் பேசுவதைக் கேட்டேன். என்னைவிட நன்றாகப் பேசினான், படுபாவி. அதை யாரிடமும் சொல்லாமல் மறுபடி விருந்தாளி 2 ஆகப் போய் நின்றுகொண்டான்.

இனி விஷயம்.

டிசம்பரில் குரல் கம்மியது. ஜலதோஷம் என்று நினைத்தேன். ஜனவரியில் அரம் வைத்து இழைப்பது போல ஆனது. உன்னோடு பேசும்போது சுக்கான் பிடித்த மாதிரி இழுத்துப் பிடித்துச் சமாளித்தேன், நடிகன் அல்லவா. பிப்ரவரி நடுவில் ஒருநாள் காலையில் எழுந்து பால்காரனைக் கூப்பிட வாயைத் திறந்தேன். காற்று வந்தது. அவ்வளவுதான். அன்றோடு சரி.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெண்டு கூட்டிக்கொண்டு போனான். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். டாக்டர் சின்னப் பையன், உன் வயசு இருக்கும். கட்டி என்றான். குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், கழுத்தில் ஒரு துவாரம் வைப்பார்கள், அதன் வழியாகத்தான் இனி மூச்சு. சாப்பிடலாம், நடக்கலாம். பேச்சு மட்டும் கிடையாது, எப்போதும். எடுக்கவில்லை என்றால் கட்டி மூச்சுக்குழாயை அடைத்துவிடும். ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்குமேல் தள்ளக் கூடாது என்றான்.

அவன் அதைச் சொன்ன விதம் இருக்கிறதே! எங்கே நிறுத்துவது, எங்கே மூச்சு விடுவது, ஒன்றும் தெரியவில்லை. கடைசி வார்த்தையை விழுங்கிவிட்டான். ஒன்பது வருஷம் எத்தனை பேருக்கு இந்த மாதிரிச் சேதி சொல்லியிருக்கிறேன்! "மனசைத் தளரவிடாதீங்க" என்று நான் சொன்னால் கேட்கிறவர்களுக்குத் தெம்பு வரும். பலகையில், "இன்னொரு தடவை சொல்லுங்க, நிதானமா" என்று எழுதிக் காட்டினேன். அவன் எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு கத்தினான்.

ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று பாரத்தில் கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன்.

உன்னிடம் மறைத்ததற்குக் காரணம் உனக்கே தெரியும். அம்மாவுக்கு முடியாமல் போனபோது பரீட்சையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்து ஒரு வருஷத்தைத் தொலைத்தவன் நீ. இந்த வேலையையும் அப்படித் தொலைப்பாய். அதனால் நானும் ரெண்டும் உட்கார்ந்து ஒரு ஏற்பாடு செய்தோம். கடிதங்களை முன்கூட்டியே எழுதி அலமாரியில் அடுக்கினேன். அவன் இரண்டு வாரத்துக்கு ஒன்று தபாலில் போடுவான், ஞாயிற்றுக்கிழமை பேசுவான். நான் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, உன் ஒப்பந்தம் முடிந்து நீ ஊர் திரும்பும்வரை. உன் முதல் கடிதம் வந்த அன்று எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. பதில் எழுதத் தைரியம் இல்லாமல் மேலே இருந்ததை உருவித் தேதி போட்டு அனுப்பினோம். வெயில் என்று எழுதியிருந்ததை யார் கண்டது. இருபத்தொன்றாம் தேதி நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன், மூச்சு முட்டியது என்று. அதனால்தான் சுண்ணாம்புச் சத்தம் இல்லை. அன்று எனக்கு என்ன ஆகுமோ என்று தெரியாமல் அவன் நம் வீட்டுக்கு ஓடி வந்து உன் போனை எடுத்திருக்கிறான். ஏற்பாடு ஏற்பாடுதானே.

கோபப்படாதே. யோசித்துப் பார். என் முகத்தை யாருக்காவது தெரியுமா? தெருவில் போனால் ஒருவன் திரும்பிப் பார்த்ததில்லை. வாயைத் திறந்தால் கடையே திரும்பும். உன் அம்மா என்னைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கேட்டுச் செய்துகொண்டாள். நேரில் பார்த்ததும், "இவ்வளவுதானா?" என்றாள். டெலிவிஷன் வந்து எங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பியபோதும் இந்தக் குரலை வைத்துத்தான் ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்து உன்னைப் படிக்கவைத்தேன். அதை அறுத்து ஒரு தட்டில் போட்டுவிட்டால், கட்டிலில் மிச்சம் படுத்திருப்பது யார்? அந்த ஆளை எனக்கு அறிமுகம் இல்லை. அவனை நினைத்தால் பயமாக இருக்கிறது, துரை. சாவைவிட.

குரல் வேண்டும் என்றால் ரெண்டு இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அவனோடு பேசு. பழகிவிடும்.

உன் அப்பா


4 ஏப்ரல் 1993, ஞாயிறு
பகல் 12 மணி

அப்பாவுக்கு,

பழகாது.

கடிதம் நேற்று மாலைதான் வந்தது. இன்று பத்து மணிக்குப் போன் செய்தேன். போனில் நான் சொல்ல வந்ததைச் சொல்வதற்குள் நீங்கள் ரிசீவரைப் பிடுங்கி வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். கூரியரில் வரும்.

நீங்கள் அந்த அறையில் இருந்தீர்கள், ஆனால் மாமா என்ன சொன்னார் என்பது உங்களுக்குக் கேட்டிருக்குமே தவிர, இந்தப் பக்கம் எனக்கு என்ன ஆனது என்று தெரியாது.

எடுத்தவுடன் உங்கள் குரல். "அப்பாதான் பேசறேன், சொல்லுப்பா."

"மாமா, பல்சக்கரம் வந்துடுச்சு. போதும், நிறுத்துங்க."

பிறகு ஒரு மெல்லிய, தேய்ந்துபோன குரல் வந்தது. யார் இந்தக் கிழவர் என்று ஒரு வினாடி திகைத்துப்போனேன். அப்புறம்தான் புரிந்தது, மாமாவின் சொந்தக் குரலுக்கு இவ்வளவு வயசாகிவிட்டது என்று. உங்களுடையதை மட்டும் அவர் இளமையாக வைத்திருந்திருக்கிறார்.

"என்னை என்னடா பண்ணச் சொல்றே? அவன் பேசுன்னான், பேசினேன். நான் செத்தாலும் பேசுன்னான். அதுக்கும் சரின்னுட்டேன். தினம் பாடம் பண்ணேன். ஒருநாள் கண்ணாடியப் பாத்துப் பேசிட்டு, எனக்கே உடம்பு உதறிப் போச்சு."

"கையெழுத்துப் போட்டாரா?"

"எங்க போட்டான்? பாரத்த நீட்டினா மூஞ்சியத் திருப்பிக்கறான். பேனாவ எல்லாம் ஒளிச்சு வெச்சுட்டான், பச்சப் புள்ள மாதிரி. முந்தாநாள் கடைக்காரன்கிட்ட கணக்குப் போட எனக்குப் பென்சில் இல்ல."

"மூச்சு எப்படி இருக்கு?"

"படுக்க மாட்டேங்கறான்டா" என்றார். "சாஞ்சா அடைக்குது. உக்காந்தே தூங்கறான். நான் எதிர் நாற்காலியில உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கேன். கண்ண மூட பயமா இருக்கு. மூடித் தெறக்கறதுக்குள்ள…"

"ரிசீவரை அவர் வாய்கிட்ட வைங்க மாமா."

வைத்தார். நீங்கள் தலையைத் திருப்பிக்கொண்டீர்கள் என்பது தெரிந்தது, சத்தம் விலகியது. பிறகு கிட்டே வந்தது.

நான் இங்கே நீராவிக் குழாய்களைக் கேட்கிறவன். ஒரு வழி சுருங்கச் சுருங்க, அதில் போகிற காற்றின் சத்தம் கூர்மையாகிக்கொண்டே போகும். உங்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் முடிவில் அந்தக் கூர்மை இருக்கிறது. மார்ச் ஏழாம் தேதி இருமலின் கடைசியில் வந்த விசிலையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். இடையில் நான்கு வாரம்தான். எவ்வளவு மாறியிருக்கிறது என்று எழுத மாட்டேன். எழுதினால் எனக்குக் கை ஓடாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். இங்கே எந்தக் குழாயிலாவது இந்தச் சத்தம் கேட்டால், நான் மேலதிகாரி யாரையும் கேட்க மாட்டேன். ஓடிப்போய் நிறுத்திவிடுவேன்.

உங்கள் டாக்டர் வசனத்தை விழுங்கினான் என்றீர்கள். அவனுக்கும் பயமாக இருந்திருக்கும். நீங்கள் ஒன்பது வருஷம் சேதி சொன்ன நோயாளிகள் எல்லாரும் எட்டு மணிக்கு நாடகம் முடிந்ததும் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் பிடித்துப் போனவர்கள். அவன் சொல்கிறது உண்மையான ஆளிடம்.

இன்னொன்று. குரல்தான் நான் என்று எழுதியிருக்கிறீர்கள். பிப்ரவரி பாதியிலிருந்து மார்ச் இருபத்தொன்றுவரை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தக் குரலோடு நான் பேசினேன். ஏற்றம், இறக்கம், சிரிப்பு, ஒன்றுகூடக் குறையவில்லை. இருமலைக் கேட்ட பிறகு அந்தக் குரலைப் போல என்னைப் பயமுறுத்தியது வேறு எதுவும் இல்லை. இன்றைக்கு நான்கு நிமிடம் வெறும் மூச்சு வந்தது. குரலே இல்லை. ஆனால் முதல் மூச்சிலேயே "அப்பா" என்று கத்திவிட்டேன், உங்களுக்குக் கேட்டிருக்கும். பக்கத்து அறை வெல்டர் ஓடி வந்துவிட்டான். கட்டிலில் மிச்சம் படுத்திருப்பது யார் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும். அந்த ஆளோடு எனக்கு இருபத்தாறு வருஷப் பழக்கம்.

கையெழுத்துப் போடுங்கள் என்றேன். அப்போதுதான் ரிசீவரை வைத்தீர்கள். உங்களுக்குப் பயம் என்றால் எனக்கும் பயம்தான், அப்பா. உங்கள் பயம் பேச முடியாதே என்று. என் பயம் அதைவிடச் சின்னது, அதைவிட அவசரமானது. வருவதற்குள் அடைத்துவிடுமோ என்று.

வேலை போகும், ஒரு வருஷம் போகும் என்று எனக்குக் கணக்குச் சொல்ல வேண்டாம். பரீட்சையை விட்டுவிட்டு வந்ததால் அம்மாவோடு நாற்பது நாள் இருந்தேன். பரீட்சையை அடுத்த வருஷம் எழுதிக்கொண்டேன். அது நஷ்டம் என்று உங்களிடம் யார் சொன்னது?

இனி செய்யப்போவது:

1. நாளைக் காலை ஷிப்ட் தொடங்கும் முன் மேனேஜரைப் பார்ப்பேன். லீவு கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். கொடுக்காவிட்டால் கேட் பாஸை மேஜையில் வைத்துவிட்டு வருவேன்.

2. செவ்வாய்க்கிழமை ரயில். வியாழன் மத்தியானம் வீட்டில் இருப்பேன். ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம், முக்கியமாக ரெண்டு மாமா வரக் கூடாது. அவர் உங்களை விட்டு நகரக் கூடாது.

3. ஆஸ்பத்திரிக்குப் பேசிவிட்டேன். சனிக்கிழமைவரை படுக்கையை வைத்திருப்பார்கள். அந்தச் சின்ன டாக்டரிடமே பேசினேன். என்னிடமும் கடைசி வார்த்தையை விழுங்கினார்.

4. மூச்சின் சத்தம் இப்போது இருப்பதைவிடக் கூர்மையானால், எனக்காகக் காத்திருக்கக் கூடாது. அந்த நிமிடமே ஆம்புலன்ஸ். மாமாவுக்கும் இதையே தனியாக ஒரு சீட்டில் எழுதி உறைக்குள் வைத்திருக்கிறேன்.

5. வரும்போது பேனா கொண்டுவருவேன். நீங்கள் தேட வேண்டாம்.

6. வந்ததும் பாரத்தை உங்கள் முன்னால் வைப்பேன். கட்டாயப்படுத்த எனக்குத் தெரியாது, உங்கள் கையைப் பிடித்துப் போடவைக்கவும் முடியாது. மாமாவை வராந்தாவில் நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவேன். பலகையும் வேண்டாம். முடியாது என்றால், என் முகத்தைப் பார்த்து உதட்டை அசையுங்கள். சத்தம் வேண்டியதில்லை. அந்த ஒரு வார்த்தையை மட்டும் உங்களுக்காக வேறு யாரும் என்னிடம் சொல்லக் கூடாது.

உங்கள் மகன்